சிவப்புப் பொட்டு எந்தப் பக்கம்

கட்டைவிரல் நீளமுள்ள ஒரு கணினிச் சில்லைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக நான் கிள்ளானிலிருந்து நாகர்கோவிலுக்குப் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். ஏன் அனுப்பவில்லை என்று கணவர் கேட்டபோது, "வழியில உடைஞ்சிடும்" என்றேன். அதைப் பொருத்தும்போது நான் அந்த அறையில் இருக்க வேண்டும் என்ற ஆசைதான் உண்மையான காரணம்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கைப்பையைக் கிளறி, வெள்ளி நிற உறையில் இருந்த சில்லை எடுத்தார். இது என்ன என்று மலையாளத்தில் கேட்டார். பழைய கணினியின் உறுப்பு என்றேன். உறையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "குப்பையை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்கு மலையாளம் ஓரளவு புரியும் என்பது அவருக்குத் தெரியாது.

இது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், தீபாவளி முடிந்த வாரத்தில் நடந்தது. நான் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். வேலை நேரம் போக, பழைய சர்வர்களை மீட்டெடுக்கும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். ஊருக்கு ஒருவராக ஏழு பேர். நிறுவனங்கள் தூக்கியெறிந்த இயந்திரங்களை வாங்கி, துரு துடைத்து, அந்தக் காலத்து இயங்குதளத்தை மறுபடி ஏற்றி ஓட வைப்போம். லாபம் எதுவும் இல்லை. மின்னஞ்சலில்தான் பேச்சு. அதுவும் ஆங்கிலத்தில்.

குழுவில் இருந்த இன்னொரு தமிழர் பெனடிக்ட். குவைத்தில் ஒரு கணினி அறையில் வேலை பார்த்து, அங்கே கழித்துவிட்ட சர்வர் ஒன்றைக் கப்பலில் போட்டு நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தவர். மூன்று வருடம் அவருக்கு மின்னஞ்சல் வழியாகக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தேன். அந்த இயந்திரத்துக்குத் திரை கிடையாது. முதுகில் ஒரு கம்பியைச் செருகி, வேறொரு கணினி வழியாகத்தான் அதனிடம் பேச முடியும். அதன் குறுந்தகடு சாதாரண டிரைவில் ஓடாது. அதற்கான டிரைவை நான் கோலாலம்பூர் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து அனுப்பினேன். கடைசியில் ஒருநாள் அது எழுந்து நின்றது.

ஒரே ஒரு குறை. அதற்குள் இருந்த ஒரு சில்லில், இயந்திரத்தின் அடையாள எண்ணும் அது எப்படித் தொடங்க வேண்டும் என்பதும் இருக்கும். சில்லுக்குள்ளேயே ஒரு மின்கலமும் புதைந்திருக்கும். அது தீர்ந்துபோனதால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் இயந்திரம் தான் யார் என்பதை மறந்துவிடும். பெனடிக்ட் உட்கார்ந்து பதினான்கு வரிகளைக் கையால் அடித்து அதற்கு ஞாபகப்படுத்த வேண்டும். அந்த வருடம் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டில், ஒரு நாளைக்கு ஆறேழு முறை. உள்ளூர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆசிரியர், மின்சாரம் போய் வந்தாலும் தானாக எழுந்து நின்றால் அதைத் தங்கள் ஆய்வகத்தில் வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

பெனடிக்ட் அந்தச் சில்லை எனக்கு அனுப்பிவைத்தார். சின்ன ரம்பத்தால் அதன் மண்டையை அறுத்து, செத்த மின்கலத்தைத் துண்டித்து, மேலே புதிய பொத்தான் மின்கலம் ஒன்றைப் பற்றவைத்து, அந்தப் பதினான்கு வரி விவரத்தையும் அதில் ஏற்றினேன். ஏழு மாதமாயிற்று. பற்றவைத்ததில் சில்லின் ஓரத்தில் இருந்த அடையாளப் பள்ளம் மறைந்துவிட்டதால், அந்தப் பக்கத்தில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். 'பொட்டு இயந்திரத்தின் பின்சுவரைப் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் எரிந்துவிடும்' என்று எழுதியும் அனுப்பினேன்.

நாகர்கோவில் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. களியக்காவிளையில் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று சந்தியின் குறுக்கே நின்றுபோனது. முக்கால் மணி நேரம் அசையவில்லை. கிள்ளானில் என்றால் இந்நேரம் நூறு ஹார்ன் அலறியிருக்கும். இங்கே ஓட்டுநர் இறங்கிப்போய் லாரிக்காரருக்குப் பீடி கொடுத்தார். பின்சீட்டுப் பெண்கள் இருவர் மலையாளம் கலந்து பேசிக்கொண்டார்கள். "வெளிநாட்டுக்காரி. செருப்பைப் பார்த்தாலே தெரியலையா?" "தனியாகவா வந்திருக்கிறாள்?" "புருஷன் விட்டிருப்பான்." விட்டான் என்பதில் இரண்டு அர்த்தம் இருந்தது. எது என்று தெரியவில்லை.

வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கி, பெனடிக்டின் எண்ணுக்கு அழைத்தேன். பத்தடி தள்ளி ஒருவருடைய சட்டைப்பையில் மணி அடித்தது. ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எனக்குப் பின்னால் இறங்குகிற ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் போய், "வணக்கம். நான் மணி" என்றேன்.

"மணி சாருக்க வீட்டுக்காரியளா? சார் எங்க?"

"நான்தான் மணி. மணிமேகலை."

அவர் என்னையும் பேருந்தையும் மாறிமாறிப் பார்த்தார். மூன்று வருடமாக அவர் 'சார்' என்று எழுதியதை நான் திருத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சொல் எனக்குச் சௌகரியமாக இருந்தது. வேலையிடத்தில் ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு முறை சொன்னால்தான் காதில் விழுகிற என் பேச்சு, குழுவில் ஒரு முறை சொன்னதுமே எடுபட்டது. 'நான் வந்தேன்' என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான்.

"செரி... வாங்க மேடம்" என்றார். "லாட்ஜில ரூம் சொல்லி வச்சிருந்தேன். அது இனி செரிப்படாது. வீட்டுக்குப் போவோம்."

அவருடைய பூர்வீகம் கடற்கரைக் கிராமம். இப்போது கோட்டாற்றில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. அவர் மனைவி ஸ்டெல்லா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். வாசலில் என்னைக் கண்டதும் ஒரு நொடி கணவரைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "மூணு வருசமா மணி சார் மணி சார்னு உயிர எடுத்திய. இதாக்கும் ஒங்க மணி சாரா?" பெனடிக்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குச் சாப்பாடு மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும். எங்கள் ஊரில் அந்தக் கிழங்கு ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சச் சோறு. விருந்தாளிக்கு வைத்தால் அவமானம். ஸ்டெல்லா அதை வேகவைத்து, தேங்காய் சேர்த்து மசித்து, மேலே குழம்பை ஊற்றியபோது நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். இயந்திரத்தை எப்போது பார்க்கலாம் என்று கேட்டேன். "நாளைக்குப் பாத்துக்கிடலாம். மேடம் களைச்சு வந்திருக்கிய" என்றார் பெனடிக்ட்.

மறுநாள் காலை எழுந்தபோது எனக்கான நிகழ்ச்சி முடிவாகியிருந்தது. ஸ்டெல்லா விடுப்பு எடுத்து என்னைச் சுசீந்திரம் கூட்டிப்போக வேண்டும். "மலேசியாவுல இருந்து வந்துட்டு கோயிலப் பாக்காம போனா எங்களத்தான் குத்தம் சொல்லுவாங்க." நான் கோயில் பார்க்க வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெனடிக்ட் மாடிப்படி ஏறிவிட்டார்.

சுசீந்திரம் போகிற பேருந்தில் நின்றுகொண்டுதான் போனோம். இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர். ஸ்டெல்லா தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க அக்கா, நான் இஞ்ச இருக்கேன்" என்றார். இசைத்தூண்களை எல்லாம் பார்த்தேன். என் மனம் கோட்டாற்று மாடியில் இருந்தது. திரும்பும்போது கடையில் இரசவடை வாங்கித் தந்தார். இரசத்தில் ஊறி உப்பிய வடை. நன்றாக இருந்தது என்று எழுதுவதற்குக்கூட இப்போது எரிச்சலாக வருகிறது. அந்த நான்கு நாளும் எனக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை.

வீடு திரும்பி நேராக மாடிக்குப் போனேன். பெனடிக்டும் அவருடைய நண்பர் சுயம்புவும் இயந்திரத்தின் மூடியைக் கழற்றிவைத்திருந்தார்கள். சுயம்பு தொலைபேசி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம். இயந்திரம் சின்னக் குளிர்பெட்டி உயரம் இருந்தது. படங்களில் அதன் ஒவ்வொரு திருகையும் எனக்குத் தெரியும். கையை நீட்டி அதன் பக்கவாட்டுத் தகட்டைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

"பாத்து மேடம், கைய கிழிச்சிரும்" என்றார் சுயம்பு.

உறையைப் பெனடிக்டிடம் கொடுத்தேன். அவர் சில்லை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் உண்மையான வியப்பு இருந்தது. "எம்மா, என்ன வேல! ரெம்ப நன்றி மேடம்" என்றார். பிறகு வெறும் சில்லைச் சட்டைப்பையில், பேனாவோடும் சில்லறையோடும் போட்டுக்கொண்டார். உறையை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

"உறையிலேயே வைங்க. கையில இருக்கிற நிலைமின்சாரம் பட்டாலே போதும், கெட்டுப்போயிடும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. குவைத்துல எத்தன சில்லு இப்பிடி கொண்டு நடந்திருக்கோம்."

இதையே 'மணி சார்' மின்னஞ்சலில் எழுதியிருந்தால், 'மிக முக்கியமான குறிப்பு, நன்றி சார்' என்று பதில் வந்திருக்கும். வந்திருக்கிறது. என்னிடம் இருக்கிறது.

மூன்றாம் நாள்தான் பொருத்துவது. காலை ஒன்பதிலிருந்து பத்து வரை மின்வெட்டு, பத்து மணிக்கு மின்சாரம் வரும். மின்சாரம் இல்லாத நேரத்தில் சில்லைப் பொருத்தி வைத்துவிட்டால், மின்சாரம் வந்ததும் இயந்திரம் தானாக எழுகிறதா என்று பார்த்துவிடலாம். கல்லூரி ஆசிரியரும் வந்துவிட்டார். மழை மேகத்தில் மாடியறை கருத்துக் கிடந்தது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொன்னார்கள். நான் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"நீங்க இரிங்க மேடம்" என்றார் பெனடிக்ட். கோபமாகச் சொல்லவில்லை. சபைக்கு நடுவில் கூச்சப்படுகிற குரல். "சேலையில தூசி பட்டிரும். நாங்க பாத்துக்கிடுதோம்."

ஆசிரியர் என்னைப் பார்த்து மரியாதையாக, "மேடமும் கம்ப்யூட்டர் படிச்சவங்களா?" என்று கேட்டார். இந்தச் சில்லை யார் செய்தது என்று பெனடிக்ட் அவரிடம் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பதிலுக்குக் காத்திராமல் அவர் திரும்பிக்கொண்டார். நான் கதவோரம் போய் நின்றேன்.

பெனடிக்ட் சட்டைப்பையில் இருந்து சில்லை எடுத்தார். டார்ச் வெளிச்சத்தில் சிவப்புப் பொட்டு தெளிவாகத் தெரிந்தது. அவர் சில்லைக் குழியின் மேல் கொண்டுபோனார். பொட்டு அவரைப் பார்த்து இருந்தது. இயந்திரத்தின் முன்பக்கம். தலைகீழ்.

நான் வாயைத் திறந்தேன்.

அதே நேரத்தில் சுயம்பு என் பக்கம் திரும்பி, "மேடம், சும்மாதான நிக்கிய. ஒரு நாலு சாயா கிடைச்சா கொள்ளாம்" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். படியிறங்கி அடுப்படிக்குப் போனேன். இதை எழுதும்போது, அந்த நொடியில் நான் அதிர்ந்துபோயிருந்தேன் என்றோ, யாராவது கவனித்துத் திருப்பி வைப்பார்கள் என்று நினைத்தேன் என்றோ சொல்லிக்கொள்ளலாம். நினைக்கவில்லை. படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கும்போதும் எனக்குத் தெரிந்தது. கூப்பிட நேரம் இருந்தது. பாலை அடுப்பில் வைத்தேன். டம்ளர்களைக் கழுவினேன். சர்க்கரை டப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

பத்து மணிக்கு அடுப்படி விளக்கு எரிந்தது. மேலே மின்விசிறிகள் சுழல்கிற சத்தம், பழைய சர்வர்களுக்கே உரிய அந்த இரைச்சல், ஐந்தாறு நொடி கேட்டது. "ஏலே, அணை! அணை!" என்று ஒரு குரல். பிறகு அந்த வாசனை படியிறங்கி வந்தது. சர்வர் அறையில் வேலை செய்கிற யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

டம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்துப்போனேன். பெனடிக்ட் தரையில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு, தொலைந்த குழந்தையைத் தேடி அலுத்தவர் போல. சில்லின் தலை உப்பி வெடித்திருந்தது. அதோடு முடியவில்லை. பலகையிலும் ஒரு இடம் கருகியிருந்தது. மூன்று வருட உழைப்பில் எழுந்து நின்ற இயந்திரம்.

"கேடான சில்லாட்டு இருக்கும்" என்றார் சுயம்பு. "அங்க எல்லாம் டூப்ளிகேட்டு ஜாஸ்தி கேட்டியளா."

"சில்லு நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

சாயாவைக் குடித்தார்கள். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். மதியம் அவியலும் மீன் வறுவலும் இருந்தன. பெனடிக்ட் சாப்பிட வரவில்லை.

நான்காம் நாள் என்னைப் பேருந்து ஏற்றிவிட ஸ்டெல்லாதான் வந்தார். வடசேரியில் திருவனந்தபுரம் வண்டி நின்றது. நடத்துநர் டீ குடிக்கப் போயிருந்தார். என் பையைச் சீட்டில் வைத்துவிட்டு, ஸ்டெல்லா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? கோவிக்கப்பிடாது."

"கேளுங்க."

"அவிய அந்தச் சாமானத்த உள்ள வைக்கப் போனப்ப நீங்க வாயத் தெறந்திய. பொறவு மூடிட்டிய. எனக்கு அந்த மெசினப் பத்தி ஒரு எளவும் தெரியாது. டார்ச்ச பிடிச்சிட்டு ஒங்க மொகத்தத்தான் பாத்துட்டு நின்னேன். என்ன சொல்ல வந்திய?"

பக்கத்தில் இருந்த பையின் வாரை இழுத்துச் சரிசெய்தேன்.

"அவிய தப்பாத்தான் வைக்காவன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சுது. இல்லியா?"

"என்னைச் சாயா போடச் சொன்னாங்க" என்றேன். சொன்ன பிறகு, அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

"சொன்னது தப்புதான். நான் இல்லேங்கல்ல." ஸ்டெல்லாவின் குரல் உயரவில்லை. "இருவது வருசமா நானும் போட்டுக் குடுத்துட்டுதான் இருக்கேன். எனக்கும் கோவமும் வெப்ராளமும் வரும். அதுக்காவ அவியளுக்க சாமானம் ஒண்ணையும் நான் எரிச்சதில்ல அக்கா."

நடத்துநர் வந்து விசில் ஊதினார். ஸ்டெல்லா நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றார். வண்டி நகர்கிறவரை நின்றார். கையசைக்கவில்லை.

விமான நிலையத்தில் மடிக்கணினியைத் திறந்தேன். பெனடிக்ட் குழுவுக்கு எழுதியிருந்தார். இயந்திரம் போய்விட்டது, பலகையும் எரிந்துவிட்டது, மலேசியாவிலிருந்து வந்த சில்லு பழுதாக இருந்திருக்கலாம். கீழே நான்கு ஆறுதல் மடல்கள். போலந்துக்காரர் ஒருவர், மின்கலத்தைப் பற்றவைத்த விதத்தில் பிழை இருக்கும் என்று சந்தேகப்பட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. மூன்று வரி எழுதினேன். சில்லு சரியாகத்தான் இருந்தது. அது தலைகீழாகச் செருகப்பட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்துப் பார்த்தேன். விமானத்துக்கு அழைப்பு வந்தது. மூன்றாவது வரியை அழித்துவிட்டு அனுப்பினேன்.

கோலாலம்பூரில் இறங்கியபோது பெனடிக்டின் பதில் காத்திருந்தது. அவர் சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்திருந்தேன். எல்லோருக்குமாக எழுதியிருந்தார். 'மணி மேடம் சொல்வது சரி. எரிந்த சில்லை எடுத்துப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு தவறான பக்கம் இருந்தது. அவர் எனக்குத் தெளிவாக எழுதியிருந்தார். நான் அவசரப்பட்டேன். என் நண்பர்கள் முன்னால் அவரை அருகில் வரவிடவும் இல்லை. வந்திருந்தால் இது நடந்திருக்காது. சில்லு பழுது என்று நான் எழுதியது மிகப் பெரிய தவறு. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

அதுதான் குழுவில் அவருடைய கடைசி மடல். சில மாதம் கழித்து, அவர் இயந்திரத்தைக் கோட்டாற்றிலேயே ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டதாக யாரோ எழுதினார்கள். நான் அவருக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். மன்னிக்கிறேன் என்று எழுத முடியவில்லை. மற்றதை எழுதத் துணிவில்லை. ஸ்டெல்லா தன் கணவரிடம் சொல்லிவிட்டாரா, தெரியாது.

குழுவில் என் பெயர் உயர்ந்துவிட்டது. நான் பெண் என்று தெரிந்ததில் ஒருவருக்கும் ஒன்றும் குறையவில்லை. நாகர்கோவிலில் நடந்ததற்குப் பிறகு, யாரும் என்னைக் கேட்காமல் ஒரு சில்லைச் செருகுவதில்லை. படம் எடுத்து அனுப்புகிறார்கள். "மணி, பக்கம் சரிதானா?" என்று கேட்கிறார்கள். கூட்டத்தில் இருந்தாலும், சமைத்துக்கொண்டிருந்தாலும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அந்த நிமிடமே பதில் சொல்லிவிடுகிறேன்.